போர்ட்ஸ்மவுத்துக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

தென் இங்கிலாந்தின் கடற்படைத் துறைமுக நகரமான போர்ட்ஸ்மவுத்துக்குப் போகிற பலரும் அதை ஒரு மியூசியம் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். பழைய போர்க்கப்பல்கள் நிற்கும் டாக்யார்டின் வாசலில் டிக்கெட் வாங்கி, மூன்று கப்பல்களை ஓட்டமும் நடையுமாகப் பார்த்து, பக்கத்துக் கடைத்தெருவில் ஒரு காபி குடித்துவிட்டு நாலு மணி ரயிலைப் பிடிக்கிறார்கள். இந்த ஊரின் பாதி டாக்யார்டுக்கு வெளியே, காசில்லாமல் பார்க்கக் கிடைக்கிறது. பிரிட்டிஷ் கடற்படை இன்றும் இங்கிருந்துதான் கடலுக்குப் புறப்படுகிறது. ஐந்நூறு வருஷத்துக் கோட்டை மதிலில் சாய்ந்து நின்றபடி, இன்றைய போர்க்கப்பல் கண்ணெதிரே போவதைப் பார்க்கலாம். அதற்கு நேரம் ஒதுக்கித் திட்டம் போட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு நாள் இருந்தால் நிம்மதியாகப் பார்க்கலாம். ஒரே நாள்தான் என்றால் எதை விடுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஊர் எப்படி அமைந்திருக்கிறது

நகரத்தின் பெரும்பகுதி போர்ட்ஸீ என்ற தீவில் இருக்கிறது. பிரதான நிலத்திலிருந்து அதைப் பிரிப்பது ஒரு குறுகிய கால்வாய்தான். ரயிலில் வரும்போது தீவுக்குள் நுழைந்ததே தெரியாது. பார்க்க வேண்டியவை எல்லாம் தீவின் மேற்கு ஓரத்திலும் தெற்கு ஓரத்திலும் வரிசையாக இருக்கின்றன. வடக்கில் டாக்யார்டு, அதை ஒட்டி கன்வார்ஃப் கீஸ் கடைத்தெருவும் ஸ்பினேக்கர் கோபுரமும், அடுத்து ஓல்டு போர்ட்ஸ்மவுத், பிறகு கடற்கரையோடு சவுத்ஸீ. ஹார்பர் ஸ்டேஷனிலிருந்து பழைய நகரத்தின் வட்டக் கோபுரம் வரை நடந்தால் இருபது நிமிடம். அங்கிருந்து சவுத்ஸீ கோட்டைக்கு இன்னொரு அரை மணி. வழி முழுக்கச் சமதரை, நல்ல நடைபாதை. கார் தேவையே இல்லை.

எந்த நாள் போவது

ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை நல்லது. டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும், கோட்டை மதில் நடைக்கு வெளிச்சம் மிஞ்சாது. ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பள்ளி நடக்கும் நாட்களில் காலையில் மாணவர் கூட்டம் டாக்யார்டில் இறங்கும், ஆனால் மதியம் இரண்டு மணிக்குமேல் கலைந்துவிடும்.

சில நாட்களைத் தவிர்த்துவிடலாம். ஆகஸ்ட் கடைசி வாரத்து வங்கி விடுமுறையை ஒட்டி சவுத்ஸீ புல்வெளியில் பெரிய இசை விழா நடக்கும். அக்டோபரில் கிரேட் சவுத் ரன் ஓட்டப்பந்தயம். இரண்டின்போதும் விடுதி வாடகை ஏறும், கடற்கரைச் சாலைகளை மூடிவிடுவார்கள். அக்டோபர் 21 டிரஃபால்கர் நாள், 1805இல் பிரிட்டிஷ் கடற்படை வென்ற போரின் நினைவு. அன்று காலை டாக்யார்டில் உள்ள விக்டரி கப்பலில் கடற்படை மரியாதை நடப்பதால் பொதுமக்களை உள்ளே விடுவது தள்ளிப்போகலாம். டிசம்பர் 24 முதல் 26 வரை டாக்யார்டு மூடியிருக்கும்.

ரயிலும், இறங்க வேண்டிய இடமும்

லண்டன் வாட்டர்லூவிலிருந்து சவுத் வெஸ்டர்ன் ரயில் கில்ஃபோர்டு, ஹேசல்மியர், ஹாவன்ட் வழியாக வருகிறது. வேகமான ரயில் ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுக்கும். விக்டோரியா ஸ்டேஷனிலிருந்து சதர்ன் ரயிலும் உண்டு. அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், சில சமயம் விலை குறைவு. அந்தத் தடத்தில் சில ரயில்கள் நடுவழியில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி வேறு ஊருக்குப் போய்விடும். ஏறுமுன் நடைமேடைப் பலகையில் எந்தப் பெட்டிகள் போர்ட்ஸ்மவுத் போகின்றன என்று பாருங்கள். கேட்விக் விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு சதர்ன் ரயில்தான் வசதி. ஹீத்ரோவில் இறங்கினால் லண்டனுக்குள் போகாமல், ரயில்ஏர் பஸ்ஸில் வோக்கிங் ஸ்டேஷனுக்கு வந்து வாட்டர்லூ ரயிலைப் பிடிக்கலாம்.

இறங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். தீவுக்குள் நான்கு ஸ்டேஷன்கள்: ஹில்சி, ஃப்ராட்டன், போர்ட்ஸ்மவுத் அண்டு சவுத்ஸீ, போர்ட்ஸ்மவுத் ஹார்பர். மூன்றாவதின் பெயரைக் கேட்டதும் ஊர் வந்துவிட்டது என்று இறங்கிவிடுவார்கள். அது நகர மையம், மாநகராட்சிக் கட்டடத்துக்குப் பக்கம். அங்கிருந்து டாக்யார்டுக்கு நடந்தால் இருபது நிமிடம் வீணாகும். நீங்கள் இறங்க வேண்டியது கடைசியில் வரும் ஹார்பர். சில ரயில்கள் மூன்றாவது ஸ்டேஷனோடு நின்றுவிடும். அப்போது அடுத்து வருகிற ஹார்பர் ரயிலில் ஏறினால் சில நிமிடத்தில் சேர்ந்துவிடலாம், டிக்கெட் அதுவேதான்.

டிக்கெட்டில் மிச்சம் பிடிக்க வழி உண்டு. வார நாளில் காலை நெரிசல் நேரம் கழித்துக் கிளம்பினால் ஆஃப்-பீக் என்ற குறைந்த கட்டணம். மூன்று முதல் ஒன்பது பெரியவர்கள் சேர்ந்து போனால் குரூப்சேவ் என்று கேளுங்கள், மூன்றில் ஒரு பங்கு குறையும். தெற்கு இங்கிலாந்தில் ஓரிரு முறை சுற்றப் போகும் குடும்பம் என்றால் நெட்வொர்க் ரயில்கார்டு வாங்கிவிடலாம். அட்டை வைத்திருப்பவரோடு இன்னும் மூன்று பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும், நான்கு பிள்ளைகள் வரை 60 சதவீதமும் தள்ளுபடி. ஆனால் வார நாளில் காலை 10 மணிக்குமேல்தான் செல்லும், அன்றைக்குக் குறைந்தபட்சக் கட்டணமும் உண்டு. இந்த அட்டையை நம்பி காலை 8 மணி ரயிலில் ஏறி அபராதம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தால், முந்தின நாளே நேஷனல் ரயில் இணையதளத்தில் தண்டவாளப் பராமரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நடுவில் ஒரு துண்டுக்குப் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள், ஒரு மணி நேரம் கூடும்.

காரில் வருகிறவர்கள் நகருக்குள் நுழையாமல், எம்275 சாலையை ஒட்டிய டிப்னர் பார்க் அண்டு ரைடில் வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் வரலாம். ஊரின் தூய காற்று மண்டலக் கட்டணம் டாக்ஸி, பஸ், லாரிகளுக்குத்தான், சொந்தக் காருக்குக் கிடையாது. கோச் பஸ்ஸில் வந்தால் தி ஹார்டு பஸ் நிலையத்தில் இறக்கிவிடுவார்கள், ஹார்பர் ஸ்டேஷனுக்கு அடுத்த கதவுதான்.

டாக்யார்டு: வாசலிலிருந்து

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் இடதுபக்கம் திரும்புங்கள். நான்கைந்து நிமிட நடையில் விக்டரி கேட். வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். சின்ன மடக்குக் கத்தி, கத்தரிக்கோல் எதுவும் பையில் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய சூட்கேஸை இழுத்துக்கொண்டு வராதீர்கள். கப்பல்களுக்குள் ஏணிப்படிதான், பெட்டியோடு எங்கும் போக முடியாது. முதலில் விடுதியில் கொடுத்துவிட்டு வருவதுதான் சரி.

வளாகத்துக்குள் நடக்கக் காசு இல்லை. கப்பலுக்கும் மியூசியத்துக்கும்தான் டிக்கெட். ஒன்றுக்கு மட்டும், சிலவற்றுக்கு, எல்லாவற்றுக்கும் என்று பல வகை விற்பார்கள். பெயரும் விலையும் அடிக்கடி மாறுவதால், வாங்குமுன் மூன்று விஷயம் பாருங்கள். மேரி ரோஸ் சேர்ந்திருக்கிறதா? துறைமுகப் படகுச் சுற்று சேர்ந்திருக்கிறதா? மறுபடி வர எத்தனை நாள் செல்லும்? இணையத்தில் முன்கூட்டி வாங்கினால் வாசல் விலையைவிடக் குறைவாக இருக்கும்.

வாசலைத் தாண்டினதும் கண்ணில் படுவது எச்.எம்.எஸ். வாரியர். பலரும் முதலில் அதில்தான் ஏறுகிறார்கள். நீங்கள் அதைத் தாண்டி நேரே உள்ளே நடந்து, கோடியில் இருக்கும் மேரி ரோஸுக்கும் விக்டரிக்கும் போங்கள். பத்து மணிக்குத் திறந்ததும் அங்கே இருந்தால் கூட்டம் வருவதற்குள் முக்கியமானவை முடியும். திரும்பும் வழியில் மாலை வாரியரில் ஏறிக்கொள்ளலாம்.

மேரி ரோஸ்: இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்

ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள். இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல், 1510ஆம் ஆண்டு இதே ஊரில் கட்டத் தொடங்கியது. 1545 ஜூலை 19 அன்று பிரெஞ்சுப் படையோடு நடந்த சண்டையில், எதிரே இருக்கும் சோலன்ட் நீரிணையில் மூழ்கியது. அரசர் சவுத்ஸீ கோட்டையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது கப்பல் சாய, திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியே தண்ணீர் புகுந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். எதிரி ஏறாமலிருக்க மேல்தளத்தின்மேல் கட்டியிருந்த வலையே, உள்ளே இருந்தவர்கள் தப்பவும் விடவில்லை. சுமார் 500 பேரில் 35 பேருக்கும் குறைவாகவே பிழைத்தார்கள்.

1982 அக்டோபர் 11 அன்று வெளியே எடுத்தார்கள். கப்பலின் வலப்பாதி சேற்றில் புதைந்து கிடந்ததால் தப்பியது, வெளியே நீட்டிக்கொண்டிருந்த இடப்பாதி அரித்துப்போனது. அதனால் இன்று பார்ப்பது நெடுக்கே பிளந்த பலாப்பழம் போல, உள்ளே எல்லாத் தளங்களும் திறந்து தெரிகிற ஒரு பாதி. காய்ந்தால் மரம் வெடித்துவிடும் என்பதால் முப்பது வருஷத்துக்கு மேல் அதன்மேல் இடைவிடாமல் தெளித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் குளிர்ந்த தண்ணீர், பிறகு மெழுகு போன்ற பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசல். 2013இல்தான் தெளிப்பதை நிறுத்தினார்கள்.

கூடத்தின் அமைப்பைப் புரிந்துகொண்டு போனால் இரட்டிப்புப் பயன். ஒரு பக்கம் கப்பல். எதிர்ப்பக்கம், அந்தந்தத் தளத்தில் கிடைத்த பொருள்கள் அதே மட்டத்தில், அதே வரிசையில். தச்சரின் பெட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், அது கிடந்த இடம் நேரெதிரே தெரியும். 19,000க்கும் மேற்பட்ட பொருள்கள் எடுத்திருக்கிறார்கள். பீரங்கிகளிலேயே நேரத்தைச் செலவழித்துவிடாதீர்கள். பேன் சீப்பு, தோல் செருப்பு, சொந்தக்காரர் தன் அடையாளத்தைக் கீறி வைத்த மரத்தட்டு, வைத்தியரின் மருந்துக் குப்பிகள் ஆகியவற்றின் முன்னால் நில்லுங்கள். தச்சரின் அறைப் பக்கத்தில் கிடைத்த நாயின் எலும்புக்கூடும் இருக்கிறது. ஹாட்ச் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதைவிட்டு நகர மாட்டார்கள்.

கீழ்த்தளங்களில் கண்ணாடி வழியாகத்தான் கப்பலைப் பார்க்கலாம். மேல்தளத்தில் இரட்டைக் கதவு தாண்டி உள்ளே போனால் கப்பல் இருக்கும் அதே காற்றில் நிற்பீர்கள். அவசரத்தில் அந்தத் தளத்தை விட்டுவிட்டு வெளியேறுகிறவர்கள் உண்டு. கூடம் இருட்டாக இருக்கும், கண் பழகக் கொஞ்சம் நேரம் ஆகும். லிஃப்ட் உண்டு, சக்கர நாற்காலியில் முழுவதும் பார்க்கலாம்.

விக்டரி: சாரம் கட்டியிருந்தாலும் ஏறுங்கள்

1759இல் சாத்தம் கப்பல்தளத்தில் அடிமரம் போட்டு, 1765இல் நீரில் இறக்கிய 104 பீரங்கிக் கப்பல். 1805 அக்டோபர் 21 டிரஃபால்கர் போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் இதில்தான் சுடப்பட்டு இறந்தார். 1922 முதல் டிரை டாக்கில், அதாவது தண்ணீரை வெளியேற்றிய கப்பல் தொட்டியில், நிற்கிறது. இன்றும் கடற்படைப் பட்டியலில் உள்ள கப்பல், அந்த வகையில் உலகிலேயே மூத்தது.

2022இல் பத்து வருஷத்துக்கும் மேல் பிடிக்கும் பெரிய பழுதுபார்ப்பு வேலை தொடங்கியது. பலகை மக்கியதும் வண்டு அரித்ததும்தான் காரணம். கப்பலைச் சுற்றிச் சாரம், மேலே கூரை, பாய்மரக் கம்பங்களையும் கழற்றியிருக்கிறார்கள். படத்தில் பார்த்த கம்பீரத்தை வெளியே எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஆனால் உரித்த பலகைக்குள் விலாச்சட்டம் எப்படி அடுக்கியிருக்கிறது என்று பார்க்கக் கிடைப்பது இந்த வேலை நடக்கும் காலத்தில் மட்டும்தான். எந்தத் தளம் திறந்திருக்கிறது என்பது வேலையைப் பொறுத்து மாறும், போகும் வாரத்தில் டாக்யார்டின் இணையதளத்தில் பாருங்கள்.

ஏறினால் இவற்றைத் தேடுங்கள். பின்பக்க மேல்தளத்தில் நெல்சன் விழுந்த இடத்தில் ஒரு பித்தளைத் தகடு. கீழ்ப் பீரங்கித் தளத்தில் 32 பவுண்டு குண்டு போடும் பீரங்கிகள். ஒரு குண்டு பதினாலரை கிலோ. சுமார் 820 பேர் போருக்குப் போன கப்பலில், அந்தப் பீரங்கிகளுக்கு நடுவே சாப்பாட்டு மேசையும், மேலே தொங்கும் தூளிப் படுக்கையும்தான் மாலுமிகளின் வீடு. அதற்கும் கீழே நெல்சன் உயிர்விட்ட ஓர்லாப் தளம். உத்தரங்கள் மிகத் தாழ்வு. சராசரி உயரம் உள்ளவரும் குனிந்துதான் நடக்க வேண்டும். மேலே அண்ணாந்து படம் எடுத்தபடியே ஓரடி வைத்தால் நெற்றியில் பட்டுவிடும். ஏணிகள் செங்குத்து, இறங்கும்போது முகம் படியைப் பார்த்து இறங்குங்கள். புடவை, வேட்டி, குதிகால் செருப்பு இங்கே சரிப்படாது. குழந்தை வண்டியை வெளியே விட வேண்டும், கைக்குழந்தையை முன்பக்கம் கட்டிக்கொண்டு போவது நல்லது. முழங்கால் வலி உள்ளவர்கள் ஊழியரிடம் கேட்டால், ஏணி அதிகம் இல்லாமல் பார்க்கக்கூடிய பகுதியைக் காட்டுவார்கள்.

கப்பலுக்கு அடியிலும் போங்கள், திறந்திருந்தால். பழைய இரும்புத் தாங்கிகளில் பாரம் ஒரே இடத்தில் விழுந்து உடல் தொய்ந்துகொண்டிருந்தது. அதனால் 134 புதுத் தாங்கிகள் வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் எடையை அளக்கும் கருவி இருக்கிறது. மிதக்க வேண்டிய ஒன்று நூறு வருஷமாக நிலத்தில் நின்றால் அதன் உடம்பு என்ன ஆகும் என்பதை அந்த டாக்கின் தரையில் நின்று பார்த்தால்தான் புரியும்.

மற்றவை வேகமாகச் சொல்லிவிடலாம். வாரியர், 1860இல் நீரில் இறங்கிய பிரிட்டனின் முதல் இரும்பு உடல் கவசப் போர்க்கப்பல். நாலரை அங்குல இரும்பு, பின்னால் 18 அங்குலத் தேக்கு. விக்டரிக்குப் பிறகு உடனே பார்த்தால் நூறு வருஷத்தில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று தெரியும். இரும்பும் நீராவியும் வந்துவிட்டன, மாலுமி மட்டும் அதே தூளியில் தூங்குகிறான். ஒரு மணி நேரம் போதும். எம்33 என்பது 1915ஆம் ஆண்டுச் சின்னக் கப்பல், முதல் உலகப் போரின் கலிப்போலிச் சண்டைக்குப் போனது. இருபது நிமிடம். போட்ஹவுஸ் 4இல் மரப்படகு கட்டக் கற்றுக்கொள்கிறவர்களை வேலை செய்யும்போதே பார்க்கலாம், தச்சு வேலையில் ஆர்வம் உள்ளவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள்.

நம்மவர்களில் சிலர் திருகோணமலை பெயர் கொண்ட கப்பலைத் தேடி இங்கே வருவதுண்டு. 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டிய எச்.எம்.எஸ். டிரிங்கோமலீ இந்தத் துறைமுகத்துக்கு வந்ததும், பிற்காலத்தில் ஃபூட்ராயன்ட் என்ற பெயரில் பயிற்சிக் கப்பலாகப் பல வருஷம் இங்கே நின்றதும் உண்மை. 1987 முதல் அது வடகிழக்கில் ஹார்ட்டில்பூலில் இருக்கிறது, இங்கே தேட வேண்டாம்.

படகுச் சுற்றும் எதிர்க்கரையும்

துறைமுகப் படகுச் சுற்று சுமார் முக்கால் மணி நேரம். கடற்படைத் தளத்தில் அன்று எந்தக் கப்பல் நிற்கிறதோ அதன் அருகே கூட்டிப்போகும். 280 மீட்டர் நீள விமானந்தாங்கிக் கப்பல் நின்றால் அதிர்ஷ்டம். காற்று பலமானால் படகு ஓடாது. அதனால் உள்ளே நுழைந்ததும் நேரம் கேட்டுக்கொண்டு, கடைசிப் படகுக்கு விடாமல் மதியத்துக்குள் முடித்துவிடுங்கள்.

எதிர்க்கரை காஸ்போர்ட்டில் நீர்மூழ்கிக் கப்பல் மியூசியம் இருக்கிறது. 1945இல் நீரில் இறங்கிய அலையன்ஸ் கப்பலுக்குள் நடக்கலாம். பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீர்மூழ்கி ஹாலண்டு 1 என்பதும் அங்கேதான், 1901இல் கட்டியது. போகவர மூன்று மணி நேரம் வேண்டும், இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடுங்கிய இடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள் உள்ளே போக வேண்டாம்.

கோட்டை மதில் நடை

டாக்யார்டு ஐந்து மணி வாக்கில் மூடும், குளிர்காலத்தில் இன்னும் முன்னதாக. அதற்குப் பிறகுதான் ஊர் நன்றாக இருக்கும். கன்வார்ஃப் கீஸைத் தாண்டித் தெற்கே நடங்கள். தரையில் சங்கிலிக் கண்ணி வடிவம் பதித்திருப்பார்கள். பழைய காலத்தில் பகைக் கப்பல் நுழையாமல் துறைமுக வாயில் குறுக்கே இழுத்துக் கட்டிய சங்கிலியின் நினைவு அது. வரைபடம் வேண்டாம், அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே நடந்தால் சவுத்ஸீ வரை போய்விடலாம்.

ஸ்பினேக்கர் கோபுரம் வழியில் வரும். 170 மீட்டர் உயரம், 2005இல் திறந்தது, நூறு மீட்டரில் கண்ணாடித் தரை. வானம் தெளிவாக இருந்தால் ஏறலாம். மேகம் மூடிய நாளில் ஏறுவது காசைக் காற்றில் விடுவது. ஒருநாள் பயணத்தில் இதைத்தான் முதலில் வெட்ட வேண்டும்.

ஓல்டு போர்ட்ஸ்மவுத்தின் முனையில் வட்டக் கோபுரம், 1418 வாக்கில் தொடங்கியது. படி ஏறினால் மேலே திறந்த வெளி, கட்டணம் இல்லை. துறைமுக வாய் இங்கே மிகக் குறுகல், கப்பல் கரையை உரசிப் போவதுபோல் இருக்கும். போர்க்கப்பல் எப்போது வரும், போகும் என்பதைத் துறைமுக அதிகாரியான கிங்ஸ் ஹார்பர் மாஸ்டரின் இணையதளத்தில் முன்கூட்டியே போடுகிறார்கள். பெரிய கப்பல் என்றால் நீர்மட்டம் ஏறியிருக்கும் நேரத்தை ஒட்டித்தான் நகரும். அந்தப் பட்டியலைப் பார்த்து அரை மணி முன்னதாக மதிலில் இடம் பிடியுங்கள்.

மதிலடியில் சின்னக் கூழாங்கல் கரை உண்டு. வெயில் நாளில் உள்ளூர்ப் பிள்ளைகள் குதித்து விளையாடுவார்கள். நீங்கள் இறங்காதீர்கள். இங்கே அலை ஏறச் சுமார் ஏழு மணி நேரம் எடுக்கும், இறங்க ஐந்துதான். ஒரு பெரிய துறைமுகத்துத் தண்ணீர் முழுவதும் அந்தக் குறைந்த நேரத்தில் இந்தக் குறுகிய வாய் வழியே வெளியேற வேண்டும். இழுப்பு கடுமையாக இருக்கும், கப்பல் போக்குவரத்து வேறு.

இங்கிருந்து கிழக்கே சதுரக் கோபுரம், 1494. மதிலுக்கு அடியிலிருந்த அறைகளில் இப்போது கலைஞர்களின் கடைகள். 1787 மே 13 அன்று ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் தொகுதி கிளம்பியது இந்த ஊரிலிருந்துதான். சற்றுத் தள்ளி ராயல் கேரிசன் தேவாலயம். 1212 வாக்கில் வழிப்போக்கர் விடுதியாகத் தொடங்கிய கட்டடம். 1941 ஜனவரிக் குண்டுவீச்சில் நடுக்கூடத்தின் கூரை போனது, அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். இந்த வளாகத்தில்தான் 1662இல் இரண்டாம் சார்லஸுக்கும் போர்த்துகல் இளவரசி கேத்தரினுக்கும் கல்யாணம் நடந்தது. அந்தச் சம்பந்தத்தின் சீதனமாகத்தான் பம்பாய் ஆங்கிலேய அரசர் கைக்கு வந்தது. 1668இல் அதை வருஷத்துக்குப் பத்துப் பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். உள்ளே பார்க்கச் சில நாட்கள் மட்டும்தான் திறப்பார்கள், ஆனால் கூரையில்லாத பகுதி வெளியிலிருந்தே தெரியும்.

சவுத்ஸீ

மணல் கிடையாது, கூழாங்கல். செருப்பில்லாமல் நடக்க முடியாது. கிளாரன்ஸ் பியருக்குப் பக்கத்தில் ஹோவர்கிராஃப்ட் தரையிலிருந்து கடலுக்குள் இறங்குவதை நின்று பாருங்கள். 1965 முதல் ஓடுகிறது, பத்து நிமிடத்தில் வைட் தீவின் ரைடு ஊருக்குப் போய்விடும். கிளம்பும்போது தண்ணீரும் சின்னக் கற்களும் தெறிக்கும், கேமராவோடு மிக அருகே போகாதீர்கள். அலைத்தடுப்புச் சுவர் வேலை சில வருஷமாகப் பகுதி பகுதியாக நடப்பதால் நடைபாதையில் அங்கங்கே சுற்றுவழி இருக்கலாம்.

இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படை பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் இறங்கிய நாளைச் சொல்லும் டி-டே ஸ்டோரி மியூசியத்துக்கு ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். வெளியே நிற்கும் எல்.சி.டி. 7074 நார்மண்டிக் கரைக்கு டாங்கிகளை ஏற்றிப்போன கப்பல், பின்னாளில் இரவு விடுதியாகவும் இருந்தது. உள்ளே 83 மீட்டர் நீளத்தில் 34 துண்டுகளாக ஒரு தையல் சித்திரம். அதை வேகமாகக் கடந்துவிடாதீர்கள், துணியின் நெசவு மாறும் இடங்களைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

சாப்பாடு, காற்று

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆல்பர்ட் ரோடும் ஆஸ்போர்ன் ரோடும் வசதி, பல நாட்டு உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. மீன்-சிப்ஸ் கடையில் சிப்ஸ் மட்டும் வாங்குவதாக இருந்தாலும் எந்த எண்ணெய் என்று கேட்டுவிடுங்கள். சில கடைகளில் மாட்டுக்கொழுப்பில் பொரிப்பார்கள், மீனும் அதே வாணலியில்தான். பப்பில் சமையலறை மதியத்துக்கும் இரவுக்கும் நடுவே மூடியிருக்கலாம், மூன்று மணிக்குப் போய்ப் பசியோடு திரும்ப வேண்டியிருக்கும். பொட்டலத்தைத் திறந்தவெளியில் பிரித்தால் கடற்பறவை பின்னாலிருந்து வந்து கொத்திப்போகும். சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்காருவது உள்ளூர்ப் பழக்கம்.

லண்டனில் இதமாக இருந்தாலும் இங்கே மதில்மேல் காற்று உடம்பைத் துளைக்கும். ஜூலையிலும் காற்று புகாத மேல்சட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். குடை எடுக்காதீர்கள், முதல் காற்றிலேயே மடங்கிவிடும்.

படகுத்துறைகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

வைட் தீவுக்கு நடந்து ஏறும் பயணிகளின் ஃபாஸ்ட்கேட் படகு ஹார்பர் ஸ்டேஷனை ஒட்டியே கிளம்புகிறது, 22 நிமிடம். காரோடு போகும் படகு கன்வார்ஃப் முனையத்திலிருந்து ஃபிஷ்போர்னுக்கு. காஸ்போர்ட் படகு சில நிமிடம்தான், ஸ்டேஷன் பக்கத்திலேயே. பிரான்ஸ், ஸ்பெயின் போகும் பெரிய கப்பல்கள் புறப்படுவது வடக்கே வெகுதூரம் தள்ளி இருக்கும் சர்வதேசத் துறைமுகத்திலிருந்து. ஹார்பர் ஸ்டேஷனில் இறங்கி அதைத் தேடிக் கப்பலைத் தவறவிடுகிறவர்கள் உண்டு, டாக்ஸியில் போங்கள். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு அங்கே ஷெங்கன் விசா தனியாக வேண்டும். வைட் தீவு பிரிட்டனுக்குள்ளேயே இருப்பதால் எதுவும் தேவையில்லை.

தங்குவதும் திரும்புவதும்

இரவு தங்குவதானால் தி ஹார்டு, ஓல்டு போர்ட்ஸ்மவுத் பக்கம் விலை கூடுதல், நடை மிச்சம். சவுத்ஸீயில் வீட்டு விடுதிகள் விலை குறைவு. பஸ்ஸில் ஏறி கார்டைத் தொட்டால் போதும், சில்லறை தேட வேண்டாம். ஒருநாள் பயணிக்கு நேரக் கணக்கு இப்படி வரும்: பத்து மணிக்கு மேரி ரோஸ், பன்னிரண்டுக்குப் படகு, ஒரு மணிக்குச் சாப்பாடு, இரண்டுக்கு விக்டரி, நாலுக்கு வாரியர், ஐந்துக்கு மதில் நடை, ஏழரை ரயில். வாரியருக்குக் கடைசி நுழைவு எப்போது என்று காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது சவுத்ஸீயில் இருந்தாலும் ஹார்பருக்கே வந்து ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், ரயில் கிளம்புவதே அங்கிருந்துதான். சனிக்கிழமை போர்ட்ஸ்மவுத் கால்பந்து அணிக்குச் சொந்த மைதானத்தில் ஆட்டம் இருந்தால், மாலை ஐந்து மணி வாக்கில் ஃப்ராட்டன் ஸ்டேஷனில் மொத்தக் கூட்டமும் ஏறும். அன்றைக்கு நாலரைக்கு முன்னால் கிளம்பிவிடுங்கள், இல்லையென்றால் ஏழு மணி வரை மதில்மேலேயே இருங்கள்.